கடைசி வரியில் எழுதியதை முதலில் பார்ப்போம்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 29. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். பையனுக்கு நாலு வயது முடியப்போகிறது. சுகப்பிரசவம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆன கையோடு, அடுத்த கரு தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியைப் போட்டுவிட்டார்கள். அப்போதிருந்த வலியில் என்னைக் கேட்டார்களா, கையெழுத்து வாங்கினார்களா என்பதுகூட நினைவில்லை. ஊசி, தையல் என்று போட்டதில் இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சீட்டைப் பார்த்துத்தான் தெரியும்.

அன்றிலிருந்து மாதவிடாய் ஏழெட்டு நாள் போகிறது. முதல் மூன்று நாள் ஆறு நாப்கின் வரை ஆகிறது. தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. இப்போது இரண்டாவது குழந்தை வேண்டும் என்று போன வாரம் டியை எடுக்கப் போனேன். நர்ஸ் அம்மா பார்த்துவிட்டு, "நூல் தெரியலையே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க" என்றார். அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடுமோ என்று என் கணவர் பயப்படுகிறார். "இரும்பு கிடந்த கர்ப்பப்பையில் கரு ஒட்டாது" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு காப்பர்-டி இருக்கும்போதே கரு தங்கி, ஐந்தாம் மாதம் காய்ச்சல் வந்து கலைந்துவிட்டது. எனக்கு இனிக் குழந்தை தங்குமா? எடுத்த பிறகு எத்தனை மாதம் பொறுக்க வேண்டும்? இந்த மாதம் ஒன்பது நாள் தள்ளிப் போயிருக்கிறது, கவலையால் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியாருக்கும் கணவருக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது நாள் தள்ளிப்போயிருக்கிறது, டியின் அடியில் தொங்கும் நூலும் தெரியவில்லை. இந்த இரண்டும் ஒரே பெண்ணுக்குச் சேர்ந்து வந்தால், கவலை என்று நான் எழுதித் தள்ள மாட்டேன். நாளைக் காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் கார்டு போதும். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டாலும் கொடுப்பார். கோடு மங்கலாக வந்தால் ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனைப் பார்க்கச் சொல்லுங்கள். நூலைத் தேடுவது, எக்ஸ்ரே எடுப்பது எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

காப்பர்-டி இருக்கும்போது எப்படிக் கரு தங்கும் என்று கேட்பீர்கள். நல்ல சாதனம்தான், சந்தேகமே இல்லை. நூறு பெண்கள் ஒரு வருடம் வைத்திருந்தால், கரு தங்குவது ஒருவருக்கும் குறைவு. ஆனால் டி அதனிடத்தில் இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். உங்களுக்கு அது எங்கே இருக்கிறது என்பதே இப்போது தெரியாது. பிரசவம் முடிந்த உடனே போடுகிற டி, மற்ற நேரத்தில் போடுவதைவிடச் சற்று அதிகமாகவே வெளியே விழுந்துவிடும். அப்போது கர்ப்பப்பை பெரிதாக, தளர்ந்து இருக்கும்; நாள் ஆக ஆகச் சுருங்கும்போது டியைத் தள்ளிவிடும். உதிரப்போக்கோடு கழிப்பறையில் போயிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை.

பரிசோதனை 'ஆமாம்' என்று வந்தால் அன்றைக்கே ஸ்கேன் பாருங்கள். கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, டியூப் என்று நாங்கள் சொல்லும் கருக்குழாயில் இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். காப்பர்-டி போட்ட பெண்களுக்கு, எதுவுமே போடாத பெண்களைவிட டியூபில் கரு தங்குவது குறைவு. ஏனென்றால் அவர்களுக்குக் கரு தங்குவதே அபூர்வம். ஆனால் டியை மீறி ஒரு கரு தங்கிவிட்டது என்றால், அது டியூபில் இருக்கிறதோ என்ற சந்தேகம் எங்களுக்கு முதலில் வரும். டியூப் விரிந்து கொடுக்காது, வெடிக்கும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், காப்பித்தூள் நிறத்தில் சொட்டுச் சொட்டாக உதிரம், இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேனுக்கு நேரம் கேட்டுக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் சரி.

கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது, டியும் பக்கத்தில் இருக்கிறது என்று வந்தால்? பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்தது இந்த வகைதான். டியை அப்படியே விட்டுவைத்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கர்ப்பங்கள் கலைந்துபோகின்றன. தங்கினாலும் குறைமாதத்தில் பிரசவமாகும் ஆபத்து கூடுகிறது. நடுமாதங்களில் கிருமி ஏறினால் காய்ச்சல், குளிர் நடுக்கம், கெட்ட வாடையுள்ள நீர் என்று வந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நூல் கண்ணில் பட்டால், கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலேயே மெதுவாக இழுத்து எடுத்துவிடுகிறோம். எடுக்கும்போதே கலைந்துவிடும் சிறு ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. ஆனால் விட்டுவைப்பதைவிட எடுப்பதே கருவுக்கும் தாய்க்கும் நல்லது. நூல் தெரியாவிட்டால் உள்ளே துழாவ மாட்டோம். விவரத்தைச் சொல்லி, கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற முடிவை உங்களிடம் விட்டுவிட்டு, தொடர்ந்தால் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம்.

இந்த நிலையில் எல்லாரும் கேட்கும் கேள்வி, "குழந்தைக்கு அந்தக் கம்பி குத்துமா, ஊனமாகுமா?" என்பது. ஆகாது. குழந்தை பனிக்குடத்துக்குள், டி அதற்கு வெளியே. காப்பரால் பிறவிக் குறை வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. நிறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையின் நஞ்சுக்கொடியில் டி ஒட்டிக்கொண்டு வந்ததை நானே கையில் எடுத்திருக்கிறேன். அந்தப் பெண் முதலில் கேட்டது "ஆணா பொண்ணா" என்று. இரண்டாவதாகக் கேட்டது "அது வந்துடுச்சா" என்று.

சரி, பரிசோதனை 'இல்லை' என்றே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மாதவிடாய் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்கிடையில் நூல் விஷயத்துக்கு வரலாம்.

என் மேசை இழுப்பறையில் ஒரு காப்பர்-டி எப்போதும் கிடக்கும், வருகிறவர்களுக்குக் காட்ட. உள்ளங்கையில் வைத்தால் சுண்டுவிரலைவிடச் சின்னது. உயரம் 36 மில்லிமீட்டர், கைகளின் அகலம் 32. வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக். தண்டில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும், இரண்டு கைகளிலும் செம்பு வளையம். ஆக, உங்கள் மாமியார் சொல்லும் இரும்பு அதில் எங்குமே இல்லை. அடியில் தூண்டில் நரம்பு போல இரண்டு நூல். இதை உருட்டிப் பார்த்த பிறகுதான் பாதிப் பெண்களுக்குப் பயம் தெளியும். கணவர்களுக்கும்தான். பெரிதாக ஏதோ கொக்கி என்று நினைத்துக்கொண்டு வருவார்கள்.

பிரசவம் ஆன உடனே போடும்போது டியைக் கர்ப்பப்பையின் உச்சியில் வைப்பார்கள். அப்போது கர்ப்பப்பை தொப்புள் உயரத்துக்கு இருக்கும், நூல் வாய்வரை எட்டாது. பிறகு கர்ப்பப்பை சுருங்கும்போது பலருக்கு நூல் தானாகக் கீழே இறங்கும், சிலருக்கு உள்ளேயே சுருண்டு தங்கிவிடும். ஆறாவது வாரத்தில் ஒருமுறை காட்டச் சொல்வது இதைப் பார்க்கத்தான். நீங்கள் போகவில்லை என்று ஊகிக்கிறேன். போட்டதையே சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டவருக்கு, திரும்ப வந்து காட்ட வேண்டும் என்று யார் சொல்லியிருப்பார்?

ஆகவே உங்களுக்கு நூல் உள்ளே சுருண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்கேனில் டி கர்ப்பப்பைக்குள் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை போயிற்று. மெல்லிய கருவி ஒன்றை உள்ளே விட்டு நூலைக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். வரவில்லை என்றால், அல்லது டியின் கை தசையில் பதிந்திருந்தால், மயக்கம் கொடுத்து ஹிஸ்டரோஸ்கோப்பி மூலம், அதாவது கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாய் விட்டு, கண்ணால் பார்த்தே எடுப்பார்கள். வயிற்றில் வெட்டு கிடையாது, பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

ஸ்கேனில் டியைக் காணவில்லை என்றால், 'விழுந்துபோயிருக்கும், வீட்டுக்குப் போங்க' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். வயிறும் இடுப்பும் முழுவதும் தெரியும்படி ஓர் எக்ஸ்ரே வேண்டும். டியின் பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அதிலும் இல்லாவிட்டால்தான் விழுந்துவிட்டது என்று முடிவு செய்யலாம். எக்ஸ்ரேயில் தெரிந்து ஸ்கேனில் தெரியவில்லை என்றால் கர்ப்பப்பையைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு நேர்கிற விஷயம். அநேகமாகப் போடும் அந்த நிமிடத்திலேயே நடப்பது. பால் கொடுக்கும் மாதங்களில் கர்ப்பப்பைச் சுவர் மென்மையாக இருக்கும்போது போட்டால் இந்த ஆபத்து கூடுகிறது. உங்கள் கணவர் பயப்படுவதில் உண்மை இவ்வளவுதான். வயிற்றுக்குப் போகலாம், நெஞ்சுக்குப் போக வழி இல்லை. வயிற்றிலும் அப்படியே விடக்கூடாது. செம்பு அங்கே உறுத்திக்கொண்டே இருக்கும், குடலும் கொழுப்புத் திரையும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவால் பார்த்து, எடுத்துவிடலாம். கர்ப்பப்பையில் விழுந்த சின்னத் துளை பெரும்பாலும் தானே ஆறிவிடும், அடுத்த பிள்ளைக்கு அது தடையாவதில்லை.

இனி மாமியார். அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பயம் அவர் கற்பனையில் முளைத்ததில்லை. 1965-இல் இந்தியாவின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் லூப் வந்தது. பாம்புபோல் வளைந்த பிளாஸ்டிக், அதில் செம்பு கிடையாது. முகாம் போட்டு, இத்தனை பேர் என்று இலக்கு வைத்துப் போட்டார்கள். போட்ட பிறகு உதிரம் கொட்டியபோது பார்க்க ஆள் இல்லை. உங்கள் மாமியாரின் அம்மா காலத்துப் பேச்சு அது, வீட்டுக்கு வீடு பரவி நிற்கிறது. இன்றைக்கும் காப்பர்-டியை "லூப்" என்று சொல்கிற பாட்டிகள் என்னிடம் வருகிறார்கள்.

கெட்ட பெயர் வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது. அமெரிக்காவில் 1971-இல் டால்கன் ஷீல்டு என்ற சாதனம் விற்பனைக்கு வந்தது. அதன் நூல் ஒற்றை இழை இல்லை. நூற்றுக்கணக்கான நுண்ணிழைகளை ஓர் உறைக்குள் திணித்தது. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சி ஏற்றுவது போல அந்த நூல் கிருமியைக் கர்ப்பப்பைக்குள் ஏற்றியது. அதோடு கரு தங்கிய சில பெண்கள் கிருமித் தொற்றால் இறந்தார்கள், பலருக்குக் கருக்குழாய் கெட்டது. 1974-இல் அங்கே விற்பனை நின்றது. இன்றைய காப்பர்-டியில் இருக்கும் நூல் வழவழப்பான ஒற்றை இழை; அதில் கிருமி ஏறிப்போக இடுக்கு இல்லை.

அப்படியானால் தொற்றே வராதா? வரலாம். போட்ட முதல் 20 நாட்களில்தான் அந்த ஆபத்து கூடுதல். சுத்தமில்லாமல் போட்டாலோ, கிளமிடியா, கொனோரியா போன்ற கிருமி ஏற்கெனவே அங்கே இருந்தாலோ, போடும்போது உள்ளே தள்ளப்படுகிறது. அதற்குப் பிறகு மற்றப் பெண்களுக்கு உள்ள அளவுதான். கருக்குழாயை அடைப்பது அந்தத் தொற்றுதான், டி இல்லை. 2001-இல் மெக்சிகோவில் நடந்த ஆய்வு ஒன்று, குழந்தை பெறாத பெண்களிடம் இதைத் தேடிப் பார்த்தது. காப்பர் சாதனம் வைத்திருந்தவர்களுக்குக் குழாய் அடைப்பு கூடுதலாக இல்லை. கிளமிடியா முன்பு தாக்கிய தடயம் ரத்தத்தில் இருந்தவர்களுக்குத்தான் கூடுதலாக இருந்தது. நம் ஊரில் இதோடு காசநோயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் இருமல் எதுவும் இல்லாமலே அது கருக்குழாயைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். பழி மட்டும் டிமேல் விழும்.

உங்களுக்கு அடிவயிற்று வலியோடு காய்ச்சல், வாடையுள்ள வெள்ளைப்படுதல், தாம்பத்தியத்தின்போது உள்ளே ஆழமாக வலி என்று எப்போதாவது வந்ததுண்டா? கடிதத்தில் இல்லை. இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் டி எடுத்த பிறகு மற்றப் பெண்களுக்குக் கரு தங்குவது போலவே உங்களுக்கும் தங்கும். எடுத்து முயற்சி செய்கிறவர்களில் பத்தில் எட்டுப் பேராவது ஒரு வருடத்துக்குள் கர்ப்பமாகிறார்கள். எடுத்த பிறகு உண்டாகும் கரு, முன்பு டி இருந்த காரணத்தால் கலைவதும் இல்லை. செம்பு அங்கே இருக்கும்வரைதான் விந்தணுவை முடக்கும். எடுத்துவிட்டால் அந்த வேலை முடிந்தது.

உண்மையில் உங்கள் அடுத்த கர்ப்பத்தைப் பற்றி எனக்குக் கவலை தருவது நூலோ செம்போ இல்லை, அந்த ஆறு நாப்கினும் தண்ணீர்க் குடமும்தான். டி போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதம் உதிரப்போக்கு கூடுவது வழக்கம், பிறகு பலருக்குக் குறையும். உங்களுக்கு நான்கு வருடமாகக் குறையவில்லை. நான்கு வருடம், மாதம் தவறாமல் இவ்வளவு ரத்தம் போனால் உடம்பில் இரும்புச்சத்து எங்கே மிஞ்சும்? மாமியார் சொல்லும் இரும்பு கர்ப்பப்பையில் இல்லை, இருக்க வேண்டிய இரும்பு ரத்தத்திலும் குறைந்திருக்கும் போலிருக்கிறது. இதைத்தான் யாரும் டியின் பின்விளைவாகப் பேசுவதில்லை. நெஞ்சுக்கு ஏறுமா என்று கேட்பார்கள், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. என் புறநோயாளிப் பிரிவில், எட்டு கிராமோடு "கொஞ்சம் அசதிதான் டாக்டர்" என்று நடந்துவருகிற பெண்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அந்த நிலையில் கர்ப்பமானால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், குறைமாதத்தில் பிறக்கலாம். பிரசவத்தில் சாதாரணமாகத் தாங்கக்கூடிய ரத்தப்போக்கைக்கூடத் தாயால் தாங்க முடியாமல் போகும். ஆகவே ஸ்கேன் அன்றைக்கே ஹீமோகுளோபினும் பாருங்கள். குறைவாக இருந்து, கரு தங்கவில்லை என்றும் உறுதியானால், டியை எடுத்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை தொடங்குங்கள், ரத்தம் ஏறும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். மாத்திரையைக் காப்பியோடும் டீயோடும் விழுங்காதீர்கள், பாதிச் சத்து வீணாகும். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நன்றாக ஏறும். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஊசியாக ஏற்றும் வழி உண்டு, கேளுங்கள்.

எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதுதான் பதில். டிக்காகப் பொறுக்க வேண்டியது ஒரு நாள்கூட இல்லை, எடுத்த மாதமே கரு தங்கலாம். உங்கள் ரத்தத்துக்காகப் பொறுக்க வேண்டியிருந்தால் பொறுங்கள். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் மாத்திரையை, முயற்சி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்; குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் நாட்களில், கர்ப்பம் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. ஒரு வருடம் முயன்றும் தங்காவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள். கணவரின் விந்தணுப் பரிசோதனையும் முதல் நாளே ஆகட்டும். உங்களை மட்டும் ஊர் ஊராக ஸ்கேனுக்கு அலையவிடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது.

கையெழுத்து விஷயத்தை விட்டுவிட மனமில்லை. பிரசவம் ஆனவுடன் போடுவது தப்பான மருத்துவம் இல்லை. நஞ்சுக்கொடி வந்த பத்து நிமிடத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குள் போடலாம் என்பது முறைதான். ஆனால் அதைப் பற்றிப் பேசி, சம்மதம் வாங்க வேண்டியது கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும்போது. வலியில் கத்திக்கொண்டிருக்கும் பெண் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது. யாரும் உட்கார்ந்து பேசாததால்தான் ஆறாவது வாரம் நீங்கள் போகவில்லை, நான்கு வருடம் ரத்தம் போனதையும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தத் துறையில் இருப்பவள் என்கிற முறையில் இதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பிரசவச் சீட்டைக் கொண்டுபோங்கள். போட்டது பத்து வருடத்து 380-ஏ வகையா, ஐந்து வருடத்து 375 வகையா, எந்தத் தேதி என்று அதில் இருக்கும். வெறும் வயிற்றோடு போங்கள், மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தால் இன்னொரு நாள் அலைய வேண்டாம். எடுத்து முடித்ததும் டியை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். தண்டும் இரண்டு கையும் முழுசாக இருக்க வேண்டும். ஒரு கை ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால் அப்போதே தெரிந்துகொள்வது நல்லது. கேட்கக் கூச்சமாக இருந்தால் மாமியாரைக் கூட்டிப் போங்கள். அது இரும்பா செம்பா என்று அவரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

நாளைக் காலைப் பரிசோதனையில் என்ன வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.